முத்து வைக்காத கொலுசு

அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், டெக்சஸில் டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவில் ஒரு செட்டிநாடு ஹோட்டல். உள்ளே இடமில்லை என்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், அப்பத்தா கொண்டுவந்த புதுக் கொலுசைப் போட்டுக்கொண்டு, சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே நடைபாதையில் குதித்துக் குதித்து நடந்தாள். அம்மா கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய எழுத்துல என்னய்யா எழுதிருக்கு? கடன் கிடையாதுன்னா?"

"துப்பாக்கியோட உள்ள வரக்கூடாதாம்மா."

"சோறு திங்க எவன்யா துப்பாக்கிய எடுத்துட்டு வாரான்?"

வருகிறார்கள். அதனால்தான் ஒரு நோட்டீஸ் போதாமல் இரண்டு. சட்டைக்குள் மறைத்து எடுத்து வருகிறவருக்கு ஒன்று, ஊர் பார்க்க இடுப்பில் மாட்டி வருகிறவருக்கு இன்னொன்று. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06, 30.07 பிரிவுகள். என்ன வாசகம், எந்த மொழி, எழுத்து எத்தனை உயரம் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது: ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில். .30-06 என்பது இந்த ஊர் மான் வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுச் சுடும் ஒரு தோட்டாவின் பெயரும்கூட. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். பார் வாசல்களில் வேறு மாதிரி: சிவப்பில் கொட்டை எழுத்தில் 51 என்று இருக்கும். கடையின் வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் மதுவில் வருகிறது, ஆகவே துப்பாக்கி கூடாது என்று பொருள். 49 சதவீதம் என்றால் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

பதினான்கு வருடமாக இந்தக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு போய்வருகிறேன். இந்த நோட்டீசுகளைப் படிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று அம்மா கேட்டபோதுதான் யோசித்தேன். நான் வந்த காலத்தில் வெளியே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசன்சாவது வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர், சட்டப்படி வேறு தடை இல்லாதவர், எந்தப் பயிற்சியும் லைசன்சும் இல்லாமல் கைத்துப்பாக்கி மாட்டிக்கொண்டு நடக்கலாம். அதற்கு முன்பு, அரசுப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் லைசன்ஸ்காரர்கள் துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1. சரியாக ஐம்பது வருடத்துக்கு முன் அதே தேதியில்தான், 1966ல், ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேல் ஏறி ஒருவன் கீழே போய்வந்தவர்களை ஒவ்வொருவராகச் சுட்டான். வேறு தேதியே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். கேட்டவர்கள் கேட்டார்கள். தேதி மாறவில்லை.

சாப்பிடும்போது அம்மா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருடைய சட்டை எங்கே புடைத்திருக்கிறது என்று பார்க்கிறார் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அமெரிக்கத் துப்பாக்கி மோகம் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு மனதில் வருவது ஒரு முரட்டு உருவம். தாடி, தொப்பி, பச்சை குத்திய கை. நான் அறிந்த துப்பாக்கிக்காரர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது தாண்டியவர். 2021 பிப்ரவரியில் பனிப்புயலில் மாநிலமே இருட்டில் கிடந்தபோது, கேட்காமலே தன் ஜெனரேட்டரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தவர். விறகு கொண்டுவந்து போட்டார். மகள் அப்போது சின்னக் குழந்தை. அந்த மூன்று இரவுகளை நான் மறக்க முடியாது. அவர் வீட்டு கராஜில் எங்கள் ஊர் கோத்ரேஜ் பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி நிற்கிறது. உள்ளே பதினொரு துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. இது என் அப்பா கொடுத்தது, இது கல்யாணத்தன்று மாமனார் கொடுத்தது, இது முதல் பேரன் பிறந்தபோது வாங்கியது. நம் வீட்டில் நகையைப் பற்றி இப்படித்தான் பேசுவோம்.

"எதற்கு இத்தனை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உன் காரில் ஸ்டெப்னி இருக்கிறதே, தினமுமா பஞ்சர் ஆகிறது?" என்றார்.

துப்பாக்கி யாரையும் கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான் என்று இங்கே எல்லோரும் சொல்வதை அவரும் சொன்னார். எங்கள் மொழியில் இதற்குப் பழமொழியே இருக்கிறது, எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்போம் என்று அர்த்தம் சொன்னேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். திருப்பிச் சொல்லச் சொல்லி, எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் பெட்டிக் கதவின் உள்பக்கம் என் கையெழுத்தில் அந்தப் பழமொழி இன்றும் ஒட்டியிருக்கிறது. துப்பாக்கிக்காரர் சங்கத்துக்கு நான் செய்த ஒரே கைங்கரியம் அது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: அந்தப் பழமொழியைச் சொன்ன ஆள் காலத்தில் ஒருவன் ஒரு அம்பை எய்துவிட்டு அடுத்ததை எடுக்கத் தூணிக்குள் கைவிட வேண்டும்.

பெரியவரை வைத்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இங்கே துப்பாக்கியைப் புகழ்வது என்றால் வன்முறையைப் புகழ்வதாக யாரும் நினைப்பதில்லை. நல்ல அப்பா, நல்ல கணவன், நல்ல அண்டைவீட்டுக்காரன் ஆகியோரின் லட்சணங்களில் ஒன்றாக அது சேர்ந்துவிட்டது. நவம்பர் முதல் சனிக்கிழமை இங்கே மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு முந்தைய வாரக் கடைசி பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தாத்தாவும் பேரனும் விடியற்காலை இருட்டில் தெர்மாஸில் காபியோடு மரத்தின் மேல் மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது வன்முறைக்குப் பயிற்சியா, பொறுமைக்குப் பயிற்சியா என்று கேட்டால் எனக்கே உடனே பதில் வராது. அந்தப் பேரனுக்கு எட்டு வயதில் கிடைத்த முதல் ரைபிளின் போட்டோ, பெரியவர் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல், அவன் ஞானஸ்நானப் போட்டோவுக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. குழந்தைக் கைக்கு அடக்கமாக, நீலத்திலும் இளஞ்சிவப்பிலும், 'என் முதல் ரைபிள்' என்று விளம்பரம் செய்து விற்கும் கம்பெனி உண்டு. 2013ல் கெண்டக்கியில் ஐந்து வயதுப் பையன் தனக்குப் பரிசாக வந்த அப்படிப்பட்ட ரைபிளால் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். அம்மா வாசல் வரைக்கும் போய்த் திரும்பும் நேரத்தில் நடந்தது.

ஒரு தடவை பெரியவர் என்னைச் சுடும் களத்துக்கு அழைத்துப் போனார். இதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்: எனக்குப் பிடித்திருந்தது. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். தீபாவளிக்கு ரோல் கேப்பு போட்டுச் சுடும் தகரத் துப்பாக்கி எங்களுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட ஒரு மாதம் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். அதைத் தாண்டி நான் தொட்டதில்லை. நிஜத் துப்பாக்கி கையில் இருந்தபோது முதலில் தெரிந்தது கனம். பிறகு குளிர்ச்சி. விசையை இழுக்கும்போது ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கும், அதைத் தாண்டினால் உலகமே ஒரு தடவை தோளில் இடிக்கும். முப்பது அடி தூரத்தில் காகிதத்தில் ஓட்டை. நான் நினைத்தேன், அங்கே நடந்தது. என் சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற மூன்று மீட்டிங் வேண்டும். ஓட்டைக்காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசம் மட்டும் பொருந்தவில்லை. எங்கள் பக்கம் வெடிமருந்தை வெறும் 'மருந்து' என்றுதான் சொல்வோம். அதில் கந்தகம் இருக்கும், மூக்கில் ஏறும். நவீனத் தோட்டாக்களின் மருந்தில் கந்தகம் கிடையாது, புகையும் அதிகமில்லை. சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் திரும்பி வரும்போது உறுத்தியது. மருந்தையே சோறாகத் தின்னும் ஊர் எங்களுடையது, ஆனால் மருந்தைப் பற்றி எங்களூரில் யாரும் பெருமை பேசிக் கேட்டதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்பு போகக்கூடாது, செருப்பு போகக்கூடாது, கோபம்கூடப் போகக்கூடாது என்பார் என் பெரியப்பா. வருஷத்துக்கு ஒரு தீ, அடையாளம் தெரியாமல் வரும் உடல்கள். அதைப் பார்த்தவனுக்கு மருந்தின் மேல் மரியாதை இருக்கும், மோகம் இருக்காது.

மோகத்துக்குக் கதை வேண்டும். அந்தக் கதை எப்படிச் செய்யப்பட்டது என்பதை அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற சின்ன ஊரில் பார்த்தேன். நண்பர் குடும்பத்தோடு போயிருந்தோம். 1881 அக்டோபர் 26 அன்று அங்கே ஓ.கே. காரல் என்ற லாயத்துக்குப் பின்பக்கம் நடந்த துப்பாக்கிச் சண்டையை டிக்கெட் போட்டுத் தினமும் நடித்துக் காட்டுகிறார்கள். நீளக் கோட்டு, மீசை, குதிமுள் வைத்த பூட்ஸ். நிஜச் சண்டை நீடித்தது அரை நிமிஷம், சுட்டது சுமார் முப்பது குண்டு, செத்தது மூன்று பேர். நாடகம் அதைவிட எத்தனையோ மடங்கு நீளம். சுட்டு விழுந்தவர் எழுந்து குனிந்து வணக்கம் வைத்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மகளும் தட்டினாள்.

அந்தச் சண்டை எதற்கு நடந்தது என்பதுதான் விசேஷம். அந்த வருடம் ஏப்ரலில் டூம்ஸ்டோன் நகரசபை ஒரு சட்டம் போட்டது: ஊருக்குள் யாரும் ஆயுதம் வைத்துக்கொண்டு நடமாடக்கூடாது, வந்ததும் லாயத்திலோ ஹோட்டலிலோ ஒப்படைத்துவிட வேண்டும். எதிர்த்தரப்பு ஒப்படைக்கவில்லை என்று பறிமுதல் செய்யப் போனவர்கள்தான் ஊர்க் காவல் தலைவர் வர்ஜில் எர்ப், அவர் தம்பிகள் வயட், மார்கன், கூட அவர்கள் நண்பர் டாக் ஹாலிடே. அதாவது அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டையே துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அமல்படுத்தப் போய் வந்தது. கான்சஸில் டாட்ஜ் சிட்டியின் தெருவிலும் அந்தக் காலத்தில் துப்பாக்கி எடுத்துவரக் கண்டிப்பான தடை என்று பலகை நின்றது, போட்டோ இருக்கிறது. நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய கௌபாய் ஊரில் இருந்த அதே நோட்டீஸ்தான் இன்று பிளேனோ செட்டிநாடு ஹோட்டலில் தொங்குகிறது. அன்று ஊருக்கே ஒரு பலகை போதும். இன்று கடைக்குக் கடை அவரவர் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதை வேறு பக்கமாகப் போய்விட்டது. எருமை பில் (பஃபலோ பில்) என்று பேர் வாங்கிய வில்லியம் கோடி என்பவர், 1883லிருந்து குதிரையும் துப்பாக்கியுமாக ஊர் ஊராக சர்க்கஸ் மாதிரி கௌபாய்களின் 'மேற்கு' காட்டினார். நிஜ மேற்கு முடிந்த பிறகும் நிற்காமல், மொத்தம் முப்பது வருடம் அந்தக் காட்சி ஓடியது. 1903ல் எடிசன் கம்பெனி பன்னிரண்டு நிமிஷ மௌனப்படம் ஒன்று எடுத்தது. ரயில் கொள்ளைக் கதை. அதில் கொள்ளைக்காரன் நேராகப் பார்வையாளரைக் குறிபார்த்துச் சுடும் ஒரு காட்சி உண்டு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ, தியேட்டர்காரர் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று கம்பெனியே சொல்லிக் கொடுத்தது. கதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது சினிமாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. வயட் எர்ப் 1929ல் லாஸ் ஏஞ்சல்ஸில் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் டாம் மிக்ஸும் வில்லியம் எஸ். ஹார்ட்டும் இருந்தார்கள். இருவரும் கௌபாய்ப் பட நடிகர்கள்.

நம்ம ஊர் யோக்கியதையும் எனக்குத் தெரியும். ஹீரோ மெஷின் கன்னைத் தோளில் தூக்கி வைத்தால் மதுரையில் மட்டுமல்ல, டல்லாஸ் தியேட்டரிலும் விசில் பறக்கிறது. நானும் அடித்திருக்கிறேன். ஆனால் படம் விட்டு வெளியே வந்தால் சாத்தூரில் அது எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் ஊரில் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒரே ஒருவர், அவரும் தேர்தல் அறிவித்ததும் துணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார். இங்கே விசிலுக்கும் கடைக்கும் நடுவே பத்து நிமிஷ டிரைவ். பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் என்று 2017 நிலவரத்துக்கு ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டது. நூறு பேருக்கு நூற்றிருபது. வன்முறை வீடியோ கேம்தான் காரணம் என்று ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னும் யாராவது ஒரு அரசியல்வாதி சொல்வார். அதே கேமை ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் கண் சிவக்க விளையாடுகிறார்கள். அங்கே துப்பாக்கியால் சாவது அபூர்வம்.

கேம் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. கொடூரமான கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று ரத்து செய்தது. பேச்சுரிமை. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, குழந்தைகளுக்குச் சொல்லும் கிரிம் கதைகளிலேயே எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். மாறுபட்ட இருவரில் ஒருவரான பிரையர் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: பதின்மூன்று வயதுப் பையனுக்கு நிர்வாணப் பெண் படத்தை விற்பதைத் தடுக்கலாம், அதே பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் கேமை விற்பதைத் தடுக்கக்கூடாது என்பது என்ன நியாயம்? சினிமாவிலும் அதே கதை. 2010ல் வெளிவந்து மறுவருடம் ஆஸ்கர் வாங்கிய, திக்குவாய் பிரிட்டிஷ் மன்னரைப் பற்றிய படத்துக்கு, அவர் பேச்சுப் பயிற்சியில் கெட்ட வார்த்தை சொல்கிறார் என்று, பதினேழு வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் பார்க்கக்கூடாது என்ற முத்திரை. நூறு பேரை ரத்தம் தெறிக்காமல் சுட்டுத்தள்ளும் படங்கள் பதின்மூன்று முத்திரையோடு தாராளமாகப் போகின்றன. ரத்தம் இல்லை என்பதுதான் தகுதி. எனக்கென்னவோ, பிள்ளைகளுக்குக் காட்டினால் ரத்தத்தோடுதான் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆபீஸிலும் எங்கள் பேச்சு இதுதான். மெயில் அனுப்பு என்பதற்கு ஷூட் பண்ணு, முடிவெடுத்தால் ட்ரிகரை இழுத்தாயிற்று, தப்பித்தால் புல்லட்டிலிருந்து விலகினோம், அவசரம் என்றால் அண்டர் த கன். ஹூஸ்டன் பேஸ்பால் அணிக்கு 1962ல் வைத்த முதல் பெயர் கோல்ட் 45, ஒரு ரிவால்வரின் பெயர். மூன்று வருடத்தில் ஆஸ்ட்ரோஸ் என்று மாற்றினார்கள். வாஷிங்டன் கூடைப்பந்து அணியின் பெயர் புல்லட்ஸ் என்று இருந்தது. தலைநகரில் தினம் தினம் சுட்டுச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதன் முதலாளிக்கே மனம் உறுத்தி 1997ல் மாற்றினார்.

விளம்பரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. சொந்தக்காரர் யார் வந்தாலும் டல்லாஸில் காட்டுவதற்கு இருப்பது கென்னடி சுடப்பட்ட இடம். அம்மாவையும் அழைத்துப் போனேன். எல்ம் தெருவில் தார்ச்சாலையின் நடுவே வெள்ளையில் ஒரு எக்ஸ் குறி. கார் வராத இடைவெளியில் ஜனங்கள் ஓடிப்போய் அதன்மேல் நின்று சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். அம்மா ஓரத்திலேயே நின்றுகொண்டார். "செத்த எடத்துல நின்னு பல்லக் காட்டுதுக" என்றார். கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் அந்த ரைபிளை வாங்கியது தபாலில். 1963 பிப்ரவரி மாதம் வந்த அமெரிக்கன் ரைபிள்மேன் பத்திரிகையில் ஒரு சிகாகோ கடையின் விளம்பரம். தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்ட், தபால் செலவோடு 21.45. கூப்பனைக் கத்தரித்து, பொய்ப் பெயர் எழுதி அனுப்பினான். அந்தப் பத்திரிகையை நடத்துவது தேசிய ரைபிள் சங்கம். தபாலில் வாங்குவதை நிறுத்த 1968 வரை ஆனது, அதற்குள் மார்ட்டின் லூதர் கிங்கும் கென்னடியின் தம்பியும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அன்றைய விளம்பரம் விலையைச் சொல்லி விற்றது. இன்றைய விளம்பரம் ஆளைச் சொல்லி விற்கிறது. 2010ல் புஷ்மாஸ்டர் கம்பெனி தன் ஏ.ஆர். 15 ரக ரைபிளுக்கு எடுத்த விளம்பரத்தில் துப்பாக்கிப் படமும் ஒரு வரியும்: உங்கள் ஆம்பளைக் கார்டு புதுப்பிக்கப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டில் சாண்டி ஹுக் ஆரம்பப் பள்ளியில் இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்றது புஷ்மாஸ்டர். துப்பாக்கிக் கம்பெனிமேல் வழக்குப் போட முடியாதபடி 2005லேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தது. ஒன்பது குடும்பங்கள் சுற்றி வந்து அந்த விளம்பரத்தைப் பிடித்தார்கள். துப்பாக்கியை விற்றது குற்றமில்லை, இப்படிச் சொல்லி விற்றது மாநில வணிகச் சட்டப்படி குற்றம் என்று வாதாடினார்கள். ஏழு வருடத்துக்கு மேல் இழுத்து, 2022 பிப்ரவரியில் புஷ்மாஸ்டரின் தாய்க் கம்பெனியான ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் 7 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. அம்பையும் நோகாமல், எய்தவனோடும் நிறுத்தாமல், அம்புக்குப் பாட்டுக் கட்டியவனைக் கேள்வி கேட்ட வழக்கு அது.

அதே 2022 மே 16. டேனியல் டிஃபென்ஸ் என்ற கம்பெனி ட்விட்டரில் ஒரு படம் போட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் சின்னக் குழந்தை, மடியில் ரைபிள், கூடவே பைபிள் வசனம்: பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து. எட்டு நாள் கழித்து மே 24 அன்று யுவால்டியில், எங்களூரிலிருந்து ஆறு மணி நேர டிரைவில், ஒருவன் அந்தக் கம்பெனி ரைபிளோடு நான்காம் வகுப்பறைக்குள் போனான். பதினெட்டு வயது நிறைந்ததும் வாங்கியது. பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். கெட்டவன் கையில் இருக்கும் துப்பாக்கியை நிறுத்த நல்லவன் கையில் துப்பாக்கி வேண்டும் என்று சாண்டி ஹுக் முடிந்த ஒரு வாரத்தில் ரைபிள் சங்கத்தின் அன்றைய தலைமை நிர்வாகி லா பியர் சொன்னது இங்கே வேதவாக்கு. யுவால்டிக்கு வந்துசேர்ந்த ஆயுதம் தாங்கிய நல்லவர்கள் 376 பேர். வகுப்பறைக்குள் போய் அவனை நிறுத்த 77 நிமிஷம் ஆனது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், பிறகு, "ஆலனில் ஒரே ஒரு ஆள் நிறுத்தினான்" என்றார். அது உண்மை. ஆலன் எங்களுக்கு இருபது நிமிஷம். அங்கே இருக்கும் அவுட்லெட் மால் டல்லாஸ் இந்தியர்களின் வாரச்சந்தை மாதிரி. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி நிரப்புவதே அங்கேதான். 2023 மே 6, சனிக்கிழமை மதியம். வேறு வேலையாக அங்கே வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் சத்தம் கேட்ட திசைக்குத் தனியாக ஓடிச் சில நிமிஷங்களிலேயே அவனைச் சுட்டு வீழ்த்தினார். அதற்குள் எட்டுப் பேர் போய்விட்டார்கள். அக்கா தங்கை இரண்டு சிறுமிகள். ஒரு கொரியக் குடும்பத்தில் அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. ஹைதராபாத்திலிருந்து வந்து இன்ஜினியராக இருந்த ஒரு பெண். அன்றைக்கு எங்கள் வாட்ஸாப் குழுவில் முந்நூறு பேர் 'நான் வீட்டில்தான் இருக்கிறேன்' என்று ஒருவர் பின் ஒருவராகப் போட்டுக்கொண்டே இருந்தோம். பதில் போடாத ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று தெரியும்வரை என் மனைவி உட்காரவில்லை. அடுத்த மாதம் அதே குழுவில் கைத்துப்பாக்கி எது நல்லது, பயிற்சி எங்கே என்று பேச்சு ஓடியது. நம்மவர்கள்தான். அப்பாக்கள்.

பெரியவரின் துப்பாக்கிகளில் பன்னிரண்டாவதாக ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு தடவை. அவர் மச்சான் ஒருவர், மனைவி போன பிறகு தனியாக இருந்தவர், துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துச் செத்துப்போனார் என்றார். அதைச் சொல்லும்போது கராஜ் தரையில் இல்லாத எண்ணெய்க் கறையைக் காலால் தேய்த்தார். எனக்குச் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் எங்கள் ஊரிலும் இதற்கு ஒரு வார்த்தை உண்டு. தீராத வயிற்றுவலி காரணமாக என்று பேப்பரில் போடுவார்கள். ஊருக்கே தெரியும், யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். எந்தப் படத்திலும், எந்த விளம்பரத்திலும், டூம்ஸ்டோன் நாடகத்திலும் இந்தத் துப்பாக்கி வருவதில்லை. நடுநிசியில் கண்ணாடி உடைத்து உள்ளே வரும் திருடனுக்காக வாங்கி வைத்தது, திருடன் வராமலே வருடக்கணக்காக அலமாரியில் இருந்து, ஒரு மோசமான இரவில் கைக்கு எட்டுகிறது. கதையில் துப்பாக்கிக்காரன் எப்போதும் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். பெரியவரின் மச்சானை அந்தக் கதையில் எங்கே நிற்கவைப்பது?

ஹோட்டலுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை. பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் வாசல்படியில் உட்கார்ந்து கொலுசைக் கழற்றினாள். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஸ்கூல்ல நகை போடக்கூடாதோ?" என்றார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். எனக்கும் அப்படித்தான் என்று நினைப்பு. காரில் போகும்போது அவளிடம் கேட்டேன்.

"ஜுவல்ஸ் எல்லாம் போடலாம்ப்பா. மாயா வளையல் போட்டு வர்றா."

"பின்னே?"

"லாக்டவுன் வந்தா?"

லாக்டவுன் பயிற்சி இங்கே தீயணைப்புப் பயிற்சி மாதிரி. அதற்கு மந்திரம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் ராகம் போட்டே சொல்வார்கள்: லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட். கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாத மூலையில் உட்கார். சத்தமே வரக்கூடாது, தும்மல் வந்தால் முழங்கைக்குள். போன தடவை ஒரு பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம், டீச்சர் கோபிக்காமல் அழுதுவிட்டார்களாம். "அவங்க அழுதது ஏன்னு தெரியல" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கணக்குப் பாடம் சொல்வதைப் போல விளக்கினாள்: "கொலுசு நான் அசையாட்டியும் கொஞ்சம் ஜிங்னு கேக்கும்ப்பா. மூச்சு விட்டாக்கூட. எல்லாரும் என் பக்கத்துல இருப்பாங்கல்ல."

பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். வாசலில் நிற்கும் துப்பாக்கிக் காவலருக்கு அவள் ஹை-ஃபைவ் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். 2023லிருந்து டெக்சஸில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம்.

அம்மா ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. வீடியோ காலில் பேத்தி வந்தால் முகத்தைப் பார்த்ததும் அடுத்தது காலைக் காட்டச் சொல்வார். சனி ஞாயிறு என்றால் தப்பிப்போம். போன வாரம் வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டோம். ஸ்கூல் விதி என்ற பொய்யையே திரும்பச் சொல்லிவிட்டு, ஆசாரியிடம் சொல்லி அடுத்த தடவை முத்து வைக்காமல் ஒரு ஜோடி செய்து வாங்க முடியுமா என்று கேட்டேன்.

"முத்து வைக்காம கொலுசு என்னத்துக்குய்யா?" என்றார் அம்மா. "புள்ள எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?"